முகத்தைத் திருப்பிக்கொண்ட கேமரா

புரட்டாசியில் கொட்டிலிலிருந்து இரண்டு கிடாய்கள் காணாமல் போன மறுவாரமே முத்துசெல்வியின் வீட்டு முன்சுவரில் கேமரா ஏறிவிட்டது. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன் செல்வக்குமார் அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டான். கோவில்பட்டியில் கேமரா கடை வைத்திருக்கும் யோகராஜ் ஒரு காலையில் பைக்கில் வந்து, ஏணி கேட்டு வாங்கி, தலை சுழலக்கூடிய ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். உள்ளே சிம் கார்டு போட்டது. கரண்டும் டவரும் இருந்தால் போதும். மஸ்கட்டில் போனைத் தடவினால், நாகலாபுரத்துக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் சுவரிலிருக்கும் தலை 'கிர்' என்று திரும்பும். அங்கே பேசினால் இங்கே கேட்கும், இங்கே பேசினால் அங்கே கேட்கும்.

முதலில் அது வீட்டுக்கு ஒரு கொண்டாட்டமாகத்தான் இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இந்துஜா சாயங்காலம் சுவருக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பாள். தப்பு வந்தால் சுவர் திருத்தும். ஆடு பத்திக்கொண்டு திரும்புகிற மாமனார் சுடலைமணி கம்பை மதிலில் சாத்திவிட்டு, கேமராவைப் பார்த்து "சாப்ட்டியாடே?" என்று கேட்பார். விதைக்கு வைத்திருந்த உளுந்தை முத்துசெல்வி, அவனுக்கு லீவான ஒரு வெள்ளிக்கிழமை முற்றத்தில் காயப்போட்டுவிட்டு உள்ளே போயிருந்தாள். வெள்ளாடு ஒன்று வந்து வாய் வைத்ததும் சுவரிலிருந்து செல்வக்குமார் அதட்டினான். ஆடு மிரண்டு நாலு காலும் எழும்பத் துள்ளி ஓடியது. மஸ்கட்டில் இருந்துகொண்டு ஆடு விரட்டியதை ஊர் பல நாள் சொல்லிச் சிரித்தது.

எதிர்வீட்டு ஆவுடைத்தாயின் விஷயத்தில்தான் அந்தச் சிரிப்பு அடங்கியது. முத்துசெல்விக்கு அவள் சித்தி முறை. களைவெட்டு இல்லாத மத்தியானங்களில் முற்றத்து வேம்படியில் வந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் கொட்டிவிட்டுப் போவாள். அவள் மகன் சோலைராஜும் மஸ்கட்டில்தான் வேலை செய்தான். மருமகள் விடிந்து வெகுநேரம் ஆகியும் போனும் கையுமாகக் கிடக்கிறாள் என்று ஆவுடைத்தாய் ஒரு மத்தியானம் ஆற்றாமையில் சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை சோலைராஜ் அம்மாவைக் கூப்பிட்டு, அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் அவளிடமே திருப்பிச் சொன்னான். மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழுகுமலைக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆவுடைத்தாய் சண்டைக்கு வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று முத்துசெல்வியைக் கூப்பிட்டாள்.

"நான் ஒங்க வீட்டுல உக்காந்து பேசுனது மஸ்கட்டு வரைக்கும் போயிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டு, தாயி. ஒம் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இனிம அங்கன வந்து உக்கார மாட்டேன்."

முத்துசெல்வி புருஷனிடம் கேட்டாள். சோலைராஜிடம் விளையாட்டாகச் சொன்னதுதான், இவ்வளவு பெரிசாகும் என்று யாருக்குத் தெரியும் என்றான் அவன். அப்புறம், மறைத்துப் பேசும்படி அப்படி என்ன இருக்கிறது என்று அவளையே திருப்பிக் கேட்டான். மறைக்க ஒன்றும் இல்லைதான். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ இடறிக்கொண்டே இருந்தது.

மற்ற பெண்களும் வருவது குறைந்தது. வந்தவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பார்த்து "நல்லாருக்கியளா அண்ணாச்சி?" என்று விசாரித்துவிட்டு, நின்ற வாக்கில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். முத்துசெல்விக்கும் பழக்கம் எல்லாம் மாறிப்போயிற்று. முற்றம் பெருக்கும்போது இடுப்பில் செருகிய சேலையை இறக்கிவிட்டாள். மாமனார் ஒரு சொல் கூடப் பேசிவிட்டால் எதிர்த்து முணுமுணுக்கப் போன வாயை மூடிக்கொண்டாள். கால் நீட்டி உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று.

செல்வக்குமாரின் கேள்விகளும் கூடிக்கொண்டே வந்தன. கேட்டை ஏன் இவ்வளவு நேரம் கழித்துத் திறந்தாய், பைக்கில் வந்து நின்றவன் யார் என்று கேட்டான். வந்தவர் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வந்த ஆஸ்பத்திரிக்காரர் என்று அவள் சொன்ன பிறகும், ஊசி போட அவ்வளவு நேரமா என்றான். சந்தேகப்படுகிற குரலாக அது இல்லை. பசித்தவன் சோறு கேட்பது போல, தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்கிற ஒரு பறப்பு அதில் இருந்தது. சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். இதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கேமராவுக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டினாற்போல் ஓர் ஆள் உட்காரும் இடம் அதன் பார்வைக்குப் படாது என்பதை அவள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். மழைச் சாரலுக்கு ஒதுங்கி அங்கே உட்கார்ந்தபோது மேலே தலை அங்குமிங்கும் சுழன்று அவளைத் தேடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். சொந்த வீட்டில் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, எழுந்திருக்க மனமும் வரவில்லை. அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு அந்த இடத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

கார்த்திகை பிறந்து அடைமழை பிடித்தது. கரிசல் குழைந்து, காலை வைத்தால் செருப்போடு இழுத்துக்கொண்டது. காற்றில் மின்கம்பம் சாய்ந்து ஊரே இருட்டாகிவிட்டது. கரண்டு வர நாளாகும் என்றார்கள். கேமரா தலை தொங்கிக் கிடந்தது. அன்று பகலில் யாரும் கூப்பிடாமலே பெண்கள் முத்துசெல்வி வீட்டுக் கூடத்தில் கூடிவிட்டார்கள். ஒருத்தி பேன் பார்க்க, ஒருத்தி சீட்டியடிக்காத குக்கரைத் திட்ட, பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. ஆவுடைத்தாய்கூட வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். மறுநாள் மழை விட்டு, அவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டு வந்துவிட்டது. கேமரா ஒரு நீல வெளிச்சம் காட்டி, தலையை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஒவ்வொருத்தியாக எழுந்து சேலையை உதறிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்குத்தான் முத்துசெல்விக்கு ஒன்று உறைத்தது. கரண்டு வந்தது புதன்கிழமை முற்பகல். வந்த உடனேயே தலை சுற்றியிருக்கிறது. அந்த நேரத்தில் செல்வக்குமார் ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் வேலையில் இருக்கவேண்டும். வேலையிடத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவன்தான் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறான். பகலில் நடந்ததையெல்லாம் அவன் ராத்திரி பதிவில் பார்த்துத்தான் கேட்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படியானால் திருப்பியது யார்?

அடுத்தடுத்த நாட்களில் அவள் சோதித்துப் பார்த்தாள். வேலை நேரத்தில் கொட்டிலிலிருந்து கேட் வரைக்கும் மெதுவாக நடந்தாள். தலை கூடவே வந்தது. நின்றாள், அதுவும் நின்றது. பின்கழுத்து கூசியது. புருஷன் பார்த்தால் பரவாயில்லை. முன்பின் தெரியாத எவனோ எங்கேயோ உட்கார்ந்து தன்னையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தால்? இத்தனை நாளும் முற்றத்தில் எப்படியெல்லாம் உடுத்தியிருந்தோம் என்று நினைத்து நினைத்து அன்று இரவு புரண்டாள்.

இந்துஜாவுக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள். யோகராஜின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராக்கள் வரிசையாக அவளையே பார்த்தன. வேறு யாராவது அதைத் திறந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

பாஸ்வேர்டைத் தான்தான் முதலில் போட்டுக் கொடுத்ததாகவும், அண்ணன் அன்றைக்கே அதை மாற்றிவிட்டதாகவும் யோகராஜ் சொன்னான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். கேமராவின் சிம் அவள் பெயரில்தான் இருந்தது. அவள் போனை வாங்கி எதையோ தட்டிப் பார்த்தவன் புருவத்தைச் சுருக்கினான்.

"சும்மா நின்னா கேமரா இவ்வளவு டேட்டா இழுக்காதுக்கா. தெறந்து வச்சுப் பாத்தாத்தான் இழுக்கும். அண்ணன் பொழுதன்னைக்கும் தெறந்தே வச்சிருக்காவ போல. வேலைக்குப் போகலையா?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். முத்துசெல்வி "லீவுல இருக்காவ" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வேலை போய்விட்டதா? அங்கே எதிலாவது மாட்டிக்கொண்டானா? வேறொருத்தி என்று ஒரு நினைப்பு வந்தது. வேறொருத்தியோடு இருக்கிறவன் ஆட்டையும் முற்றத்தையும் பார்த்துக்கொண்டு கிடக்கமாட்டான் என்று அதைத் தள்ளினாள். சம்பளம் எப்போதும்போல் வந்துகொண்டுதான் இருந்தது. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பேசத்தான் செய்தான். யோசித்துப் பார்த்தபோதுதான், இத்தனை மாதமாக அந்தத் திரையில் அவன் முகத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு தலையணை. எட்டயபுரத்தில் ஏறிய கூட்டத்தில் யாரோ அவள் காலை மிதித்தார்கள். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் இந்துஜா பள்ளிக்கூடம் போய், மாமனார் ஆடுகளோடு கிளம்பியதும், முத்துசெல்வி கேட்டைச் சாத்தினாள். தலைகூடச் சீவவில்லை. முக்காலியைக் கொண்டுவந்து கேமராவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க இப்ப பாத்துக்கிட்டு இருக்கியன்னு எனக்குத் தெரியும்."

கேமரா அசையவில்லை.

"இன்னைக்கு வேல நாளு. நீங்க எங்கன இருக்கிய?"

கிர் என்றது. தலை அவளை விட்டு மெல்ல நகர்ந்தது. வேம்பைத் தாண்டி, கொட்டிலைத் தாண்டி, ஓரத்து வெறும் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. அது வேறு எவனோ அல்ல, தன் புருஷன்தான் என்பது முத்துசெல்விக்கு அந்த நொடியில் தெரிந்துபோயிற்று. கல்யாணமான புதிதில் மாமனாரிடம் ஏச்சு வாங்கினால் செல்வக்குமார் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான்.

"மொகத்தத் திருப்பாதிய," என்றாள். "என்னயப் பாத்துச் சொல்லுங்க."

மதிலைப் பார்த்தபடியேதான் குரல் வந்தது.

"செல்வி, நான் வேலைக்குப் போகல."

ஆடி மாசத்திலேயே அது நடந்திருக்கிறது. ஏணி சறுக்கி மாடி விளிம்பிலிருந்து கீழ்த்தளத்துக் கூரையில் விழுந்திருக்கிறான். தொடையெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். கம்பெனி வைத்தியம் பார்த்து, சம்பளத்தோடு ஓய்வு கொடுத்து அறையில் படுக்க வைத்தது. ஊருக்குப் போகிறாயா என்று கேட்டபோது வேண்டாம் என்றவன் அவன்தான். விந்திக்கொண்டு போய் ஊரில் இறங்க மனசு வரவில்லையாம். சரியானதும் வேலைக்குப் போய்விடலாம், யாருக்கும் தெரியவே வேண்டாம் என்று சோலைராஜிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். தன் அம்மா பேச்சைத் தன்னிடமே சொல்லிக் குடும்பத்தைக் கலைத்தவனுக்காக, சோலைராஜ் இத்தனை மாதமாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

அறைக்காரர்கள் விடியும்முன் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். அதுவரைக்கும் கட்டிலும் விசிறியும்தான். ஆடு களவுபோனது ஒரு சாக்குத்தான் என்றான். முதலில் காலையும் மாலையும் மட்டும் பார்த்திருக்கிறான். பிறகு போனைக் கீழே வைக்க முடியாமல் போயிற்று. அவள் கேமராவில் தென்படாத நேரங்களில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்றான்.

முத்துசெல்விக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகத்தான் வந்தன.

"நான் எப்ப கதவத் தெறக்கேன், யாருட்ட பேசுதேன், எங்க உக்காந்து சோறு திங்கேன், எல்லாம் ஒங்களுக்குத் தெரியும். ஒங்க கால் ஒடஞ்சது எனக்குத் தெரியல," என்றாள். பிறகு, "போன் போடுங்க. காலக் காட்டுங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து வீடியோ கால் வந்தது. அவன் முகத்திலிருந்து போனைத் திருப்பினான். மெலிந்துபோன தொடையில் நீளமான தழும்பு. கட்டிலோடு சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல். வெயிலுக்காகத் தாள் ஒட்டிய ஜன்னல். சுவரில் வரிசையாக மற்றவர்களின் சட்டைகள். கட்டிலுக்கடியில் ஒரு தண்ணீர்க்குடம், எட்டி எடுக்கிற தூரத்தில். அவள் இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். அவன் காட்டினான். அந்த அறையின் ஒவ்வொரு மூலையையும் அவள் பார்த்து முடித்தபோது இங்கே வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"வீட்டுக்கு வாங்க," என்றாள். அவன் சரி என்றான்.

சுடலைமணியிடம் அன்று சாயங்காலம் சொன்னாள். அவர் கம்பை மதிலில் சாத்தினார். பிறகு, அந்தக் காலைத் தானும் பார்க்கவேண்டும் என்று போனைக் கேட்டார். பார்த்துவிட்டு, மகனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

மார்கழிக் கடைசியில் செல்வக்குமார் திருவனந்தபுரத்தில் இறங்கி, ரயிலில் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தான். ஊன்றுகோலோடு படியிறங்கியவனை மாமனாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். ஊர் வந்து பார்த்து, நலம் கேட்டு, எலும்புக்கு இன்னது சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனது. அவன் பயந்த மாதிரி யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் வந்தவன் வந்த மாதிரி இல்லை. கூடத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனையே பார்த்தான். முத்துசெல்வி முற்றத்தில் உளுந்துச் செடியை அடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவள் எட்டிப் பார்த்தாள். போனில் தெரிந்தது அவள் வீட்டு முற்றம்தான்.

"தலையத் தூக்கினா தெரியுதே. போன்ல எதுக்குப் பாக்குதிய?"

அவன் திருதிருவென்று விழித்தான். "தெரியல செல்வி. இதுல பாத்தாத்தான் பாத்த மாரி இருக்கு."

இந்துஜாவும் அப்படித்தான் இருந்தாள். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, கட்டிலில் இருக்கிற அப்பாவைக் கடந்துபோய், சுவரைப் பார்த்து "அப்பா, போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். செல்வக்குமார் அதைக் கேட்டான். மறுநாள் அவனே யோகராஜைக் கூப்பிட்டு, கேமராவைக் கழற்றிக் கொட்டிலின் பின்பக்கம் ஆட்டுப் படலைப் பார்க்க மாட்டச் சொன்னான்.

அதற்குப் பிறகு சில நாள் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். கை தானாகப் போனைத் தேடும். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். ஒரு சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் ஆவுடைத்தாய் வீட்டுக்குப் போனான். அவள் காபி போட்டுக் கொடுத்து, மருமகள் வந்துவிட்ட சேதியைச் சொல்லி அனுப்பினாள். பழையபடி வீட்டுக்கு வரச் சொன்னதற்கு, பார்ப்போம் என்றாளாம். அவள் இன்னும் வரவில்லை.

மாசியில் அறுவடை முடிந்து காடெல்லாம் மேய்ச்சலுக்குத் திறந்தது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால், அப்பாவோடு ஆட்டுக்குப் போகிறேன் என்று செல்வக்குமார் ஒரு காலையில் கிளம்பினான். மகனுக்காகச் சுடலைமணி ஆடுகளைப் பக்கத்துக் காட்டிலேயே நிறுத்தப்போவதாகச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு வீடு முத்துசெல்விக்கு வெகுகாலத்துக்கப்புறம் அவளுடையதாகக் கிடைத்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலைக் கழுவினாள். சத்தமாக ரேடியோ வைத்தாள். பொழுது ஏற ஏறக் கைவேலை ஓடவில்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிற நேரம். வெடிப்பில் கால் மாட்டினால் அந்தத் தொடை தாங்குமா? போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் போட்டாள். மாமனார் போனே கொண்டுபோவதில்லை. உளுந்தைப் புடைக்க எடுத்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். எடுத்தாள், வைத்தாள். விழுந்து கிடக்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரிந்தது. கேட்டைச் சாத்திவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள். மண்கட்டிகளும் முள்ளும் செருப்பைத் தாண்டிக் காலைக் குத்தின. வழியில் எதிர்ப்பட்டவர்கள் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

உடைமரத்து நிழலில் செல்வக்குமார் உட்கார்ந்திருந்தான். காலை நீட்டி, தலைப்பாகையைத் தலைக்கடியில் வைக்கப் போகிற ஆள் மாதிரி இருந்தான். சாப்பாட்டுப் பை தூரத்தில் கிளையில் தொங்கியது. போன் அதற்குள் இருந்தது. தூரத்தில் மாமனார் ஆடுகளை வளைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எடுக்கல?" என்றாள். மூச்சு வாங்கியது.

"அது அங்கனயில்லா தொங்குது. கேக்கல," என்றான். அவள் முகத்தைப் பார்த்தான். "எதுக்கு இந்த வெயில்ல வந்த?"

முத்துசெல்வி பதில் சொல்ல வாயெடுத்தாள். எப்படிச் சொன்னாலும் அது, கண்ணில் படாவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று அவன் அந்தக் கேமராவுக்குப் பின்னாலிருந்து சொன்ன வார்த்தையாகவே வரும் என்று தெரிந்தது.

"பாக்கணும்போல இருந்துச்சு," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து நிழலில் இடம் விட்டான். அவள் உட்கார்ந்து, காலைப் பிடித்துக்கொண்டு, குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கினாள். படபடப்பு இன்னும் அடங்கவில்லை. ஆடுகள் காய்ந்த செடிகளைக் கடித்துக்கொண்டு மேற்கே நகர்ந்தன. சற்று நேரத்தில் சுடலைமணி அங்கிருந்து கையை ஆட்டி இருவரையும் எழுந்து வரச் சொன்னார். செல்வக்குமார் ஊன்றுகோலைத் தேடினான். அவள் அதை எடுத்துக் கொடுக்காமல் தோளைக் கொடுத்தாள்.